மைலேஜ் மட்டும் கேட்டால் போதுமா?

நம் ஊரில் யாராவது புதுக்கார் வாங்கி, சங்கரநாராயணர் கோவில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஓட்டிக்கொண்டு வந்தால், பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "அண்ணாச்சி, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" இரண்டாவது கேள்வி விலை. மூன்றாவது, ஏசி நன்றாக இருக்கிறதா என்பது. டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு சின்னக் கார் வாங்கினேன். பென்ஷன்காரன் கணக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதிலும் நான் வேலைக்காலம் முழுவதும் ஆபீசில் பில்லும் பேரேடும் கூட்டிக் கழித்தவன். ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டு, விலை, மைலேஜ், இன்சூரன்ஸ், சர்வீஸ் என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன். பெட்ரோலைவிட சி.என்.ஜி. லாபம் என்று கணக்கு சொன்னது. வாங்கிவிட்டேன். அந்தத் தாளில் டிக்கி என்று ஒரு கட்டம் இல்லை.

கேஸ் சிலிண்டர் டிக்கியில் படுத்திருக்கும். மிச்ச இடத்தில் இரண்டு துணிப்பை, ஒரு குடை. அப்போது அது குறையாகத் தெரியவில்லை. ராஜபாளையம் போவோம், தென்காசி போவோம், சாயங்காலம் திரும்பிவிடுவோம். இரண்டு பேருக்கு எதற்குப் பெரிய டிக்கி?

பிறகு என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் ஆபரேஷன். வீட்டுக்குள் கைப்பிடித்து நாலடி நடப்பாள். வெளியே என்றால் சக்கர நாற்காலி வேண்டும். மடித்து வைத்தால் ஓரடி கனம், மூன்றடி உயரம்.

சென்ற சித்திரையில் திருச்சியில் எங்கள் பேத்தி புதுவீட்டுக்குப் பால் காய்ச்சு. மகனும் மருமகளும் நாங்கள் இருவருமாகப் போவதாக ஏற்பாடு. குத்துவிளக்கு, பித்தளைப் பானை, அரிசி, பழத்தட்டு, முறுக்கு டின், புளியங்குடி எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடி, இரண்டு சூட்கேஸ் எல்லாம் விடியற்காலை நாலு மணிக்கு வாசலில் இருந்தன. கூடவே நாற்காலி. மகன் அரை மணி நேரம் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தான். நாற்காலி ஏறினால் சீர் ஏறவில்லை, சீர் ஏறினால் நாற்காலி ஏறவில்லை. முகூர்த்த நாள் என்பதால் வாடகைக் காரும் கிடைக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க. சேரை எறக்கி வச்சிட்டு சாமானை ஏத்துங்க."

அவளைப் பக்கத்து வீட்டில் சொல்லி விட்டுவிட்டுக் கிளம்பினோம். திருச்சியில் பேத்தி கேட்ட முதல் வார்த்தை, "ஆச்சி எங்கே தாத்தா?" என்ன பதில் சொல்வது? காசை மிச்சம் பிடிக்கத்தான் அந்தக் காரை வாங்கினேன். பிடித்தேன். அவள் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் டிக்கி விஷயத்தை ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன்.

கம்பெனிக்காரர்கள் டிக்கியை லிட்டரில் சொல்கிறார்கள். தண்ணீர் ஊற்றி அளப்பதில்லை. பரவலாக உள்ள ஒரு முறையில் 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள கட்டைகளை அடுக்குகிறார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். சந்து பொந்தில் எல்லாம் கட்டை நுழையும், அதனால் எண்ணிக்கை ஏறும். நம் அரிசிப் பை சந்தில் நுழையாது. ஆகவே லிட்டர் ஒரு வழிகாட்டிதான். டிக்கி வாயின் அகலமும் உயரமும்தான் முடிவு சொல்லும். பின்பக்கம் நீண்ட செடான் காரில் லிட்டர் அதிகம் இருக்கும், ஆனால் வாய் குறுகல். கதவு மேலே தூக்கும் உயரமான காரில் லிட்டர் குறைவாக இருந்தாலும் நிமிர்ந்த சாமான் உள்ளே போகும்.

இன்னொன்றும் தெரிந்தது. இந்தியாவில் டிக்கி சுருங்கியதற்கு முக்கியக் காரணம் வரி. 2006 பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் எஞ்சின் இருக்க வேண்டும். உடனே கம்பெனிகள் டேப்பை எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போய்விட்டன. 2008-ல் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4160 மி.மீ. நீளம், டிக்கி 440 லிட்டர். 2012-ல் அதே பெயரில் வந்த அடுத்த கார் 3995 மி.மீ., டிக்கி 316 லிட்டர். முன்சீட்டை யாரும் குறைக்க முடியாது, எஞ்சினை வெட்ட முடியாது. வெட்டுப்பட்டது சாமான் வைக்கும் இடம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியபோதும் அதே 4 மீட்டர் எல்லைதான்.

வரிக்கும் காருக்கும் உள்ள இந்த உறவு எனக்குப் புதிதல்ல. நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். சித்ரோயன் கம்பெனியின் 'தெ ஷெவோ' காரைப் பற்றி எங்கள் வாத்தியார் வகுப்பில் ஆசையாகச் சொல்வார். பெயருக்கு 'இரண்டு குதிரை' என்று அர்த்தம். அந்தக் குதிரை எஞ்சின் சக்தி அல்ல, வரி போடுவதற்காக அரசாங்கம் வைத்த கணக்கு. ஆனால் அந்தக் காரை யோசித்த பூலான்ஜே என்ற மனிதர் வரியிலிருந்து தொடங்கவில்லை. நாட்டுப்புற விவசாயியிடமிருந்து தொடங்கினார். ஆட்கள் ஏற வேண்டும், கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற வேண்டும், மணிக்கு 60 கிலோமீட்டர் போக வேண்டும், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர்தான் குடிக்க வேண்டும், உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் உள்ள முட்டை உடையக்கூடாது. 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள். பார்த்தவர்கள் சிலர் கேலி செய்தார்கள். கூரை கான்வாஸ் துணி, சுருட்டிவிட்டால் உயரமான சாமான் நிற்கும். சீட்டுகளைக் கழற்றி வெளியே வைக்கலாம். 1990 வரை அந்தக் கார் உற்பத்தியில் இருந்தது.

நான் சொல்ல வருவது அந்த உருளைக்கிழங்கு மூட்டையைத்தான். அது மைலேஜுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. சிக்கனமும் வேண்டும், மூட்டையும் ஏற வேண்டும். நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

இன்று கடைக்குப் போனால் என்ன கிடைக்கும்? எல்லாம் 4 மீட்டருக்குள் இருப்பவை. ஆல்டோ கே10 டிக்கி 214 லிட்டர். ஸ்விஃப்ட் 265. வேகன் ஆர் 341, அதுவும் உயரமான கார் என்பதால் முழங்கால் வலிக்காரர்கள் குனியாமல் ஏறலாம். செடான் வகையில் டிசையர் 382, ஆரா 402, அமேஸ் 416. ஒரகடத்தில் தயாராகும் ரெனோ டிரைபர் தனி ரகம். ஏழு பேரும் உட்கார்ந்தால் பின்னால் 84 லிட்டர்தான். கடைசி வரிசை சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625. நாலைந்து பேர் மூட்டை முடிச்சோடு போகும் குடும்பத்துக்கு இதைவிட இடம் உள்ள சின்னக் கார் என் கண்ணில் படவில்லை.

சி.என்.ஜி. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தினம் ஓட்டுகிறவர்களுக்கு அது லாபம். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-ல் டாடா ஆல்ட்ரோஸில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக 30 லிட்டர் அளவில் இரண்டு சிறிய சிலிண்டர்களை டிக்கித் தளத்துக்குக் கீழே வைத்தார்கள். 210 லிட்டர் இடம் கிடைத்தது. அதே காரின் பெட்ரோல் ரகத்தில் 345. நல்ல யோசனை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

"கேரியர் போட்டால் தீர்ந்தது" என்பார்கள். கூரைமேல் சாமான் ஏறினால் காற்றின் எதிர்ப்பு கூடி மைலேஜ் குறையும். எழுபது வயதுக்காரன் சூட்கேஸைத் தலைக்குமேல் தூக்கிக் கட்டுவது நடக்கிற காரியமா?

இனி மைலேஜ் கணக்குக்கே வருவோம். நம்மைப் போன்றவர்கள் வருடத்துக்கு 6000 கிலோமீட்டர் ஓட்டினாலே அதிகம். லிட்டருக்கு 24 கொடுத்தால் 250 லிட்டர், 20 கொடுத்தால் 300 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் வருடத்துக்கு 5000 ரூபாய். மாதத்துக்கு 417. இந்த நானூற்றுச் சொச்சத்துக்காகத்தான் டிக்கியை விட்டுக்கொடுக்கிறோம். சாமான் ஏறாமல் வெளியூருக்கு இரண்டு தடவை வாடகை வண்டி பிடித்தால் அந்த மிச்சம் போய்விடும்.

ஆகவே என் யோசனை இது. ஷோரூமுக்கு உங்கள் மூட்டையோடு போங்கள். சக்கர நாற்காலியோ, சூட்கேஸோ, ஆக்சிஜன் மெஷினோ, எது இல்லாமல் நீங்கள் வெளியூர் போகமாட்டீர்களோ அதைக் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பாருங்கள். டிக்கி வாயின் அகலத்தையும் உயரத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று பாருங்கள். ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சாமானுக்கு அடியில் என்றால், பஞ்சர் ஆன அன்று ரோட்டோரத்தில் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். பின்சீட்டில் பாதியை மட்டும் மடிக்கிற வசதி எல்லா ரகத்திலும் இருக்காது, கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு, சீட்டின் முதுகுக்கு மேலே சாமான் அடுக்காதீர்கள். பிரேக் போட்டால் அது பின்சீட்டில் இருப்பவர் தலையில் விழும். பாரம் ஏற்றும் நாளில் டயருக்கு எவ்வளவு காற்று என்பதை டிரைவர் பக்கக் கதவோரம் உள்ள ஸ்டிக்கரில் பார்த்து வையுங்கள்.

வரி குறைந்த பிறகு, சென்ற ஐப்பசியில் பழைய காரைக் கொடுத்துவிட்டேன். திருநெல்வேலி ஷோரூம்களுக்கு நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். "சார், இப்படி யாரும் வந்ததில்லை" என்று ஒரு பையன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கூடத் தூக்கி வைக்கவும் செய்தான். இரண்டு கார்களில் நாற்காலி போகவில்லை. மூன்றாவதில் போனது. என் மனைவி வெளியே இருந்து பார்த்துவிட்டு, "பக்கத்துல ஜாடிக்கு இடம் இருக்கா பாருங்க" என்றாள். இருந்தது. எந்தக் கார் என்று சொல்லப்போவதில்லை, உங்கள் மூட்டை வேறு, என் மூட்டை வேறு.

இந்தப் பொங்கலுக்குப் பேத்திக்குப் பொங்கல் படி கொண்டுபோனோம். அரிசி, பானை, தேங்காய், மஞ்சள் குலை, பனங்கிழங்கு, நாற்காலி, ஆச்சி. கரும்பை மட்டும் பாதியாக வெட்ட வேண்டியிருந்தது.

வண்டி லிட்டருக்குப் பதினேழுதான் கொடுக்கிறது. கேட்கிறவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காவிட்டாலும் டிக்கியைத் திறந்து காட்டுகிறேன்.