ஊர் தூங்க வேண்டாமா?

பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம். இந்த ஊர்களில் கல்யாணம், திருவிழா என்றால் ஒலிபெருக்கி உண்டு. பாட்டு வேண்டியதுதான். ஆனால், நள்ளிரவிலுமா?

விடிந்தால் கடலுக்குப் போக வேண்டியவர் புரண்டு புரண்டு படுக்கிறார். தூக்கக் கலக்கத்தோடு படகு ஏறினால் ஆபத்து யாருக்கு? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை காதைப் பொத்துகிறது. கைக்குழந்தை வீரிட்டு அழுகிறது.

சட்டம் இருக்கிறது

மத்திய அரசு 2000-ம் ஆண்டிலேயே விதி வகுத்தது. ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் அது ஒலிக்கக்கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்கள் வரை, இரவு 12 மணி வரை விலக்கு அளிக்கலாம். அவ்வளவுதான்.

பேச உரிமை உண்டு. பிறரைக் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்க உரிமை இல்லை என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புக் கூறியது.

"சத்தத்தைக் குறையுங்கள்" என்பவர் சாமிக்கு விரோதி அல்ல. கல்யாண வீட்டுக்கும் பகைவர் அல்ல. தூக்கம் கேட்கிறார், அவ்வளவே.

போலீசார் வரும் வரை காத்திருப்பானேன்? மணி 10 ஆனதும் விழா நடத்துகிறவரே நிறுத்தட்டும்.

மணமக்களுக்கு ஊராரின் வாழ்த்து வேண்டும். தூக்கம் கெட்டவர் வாயார வாழ்த்துவாரா?