வீக்கம் வற்றினால் போதுமா?

வலைப்பந்தாட்டத்தில் கணுக்கால் சுளுக்கிய பிள்ளையை, வீக்கம் வற்றியதும் மீண்டும் மைதானத்தில் இறக்குகிறோம். வீட்டிலோ குடத்தைக் கொடுத்துத் தண்ணீருக்கு அனுப்புகிறோம். இது தவறென்றே நாம் கருதுகிறோம். நோ மாறினாலும், எலும்புகளைப் பிணைக்கும் நார் உறுதிபெறப் பல வாரங்கள் செல்லும். அதற்குள் ஓடினால் அதே கால் மறுபடியும் மடங்கும். பிறகு வயல் வரம்பில் நடந்தாலும் மடங்கும்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் எண்ணெய் பூசி உருவ வேண்டாம், வீக்கம் கூடும். காலை உயர்த்திவைத்துக் குளிர்ந்த ஈரத்துணி சுற்றுங்கள். நாலு அடி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்றே அவசியம். வளரும் பிள்ளையின் எலும்பு நுனியில் வெடிப்பு இருக்கலாம். நோ தணிந்தபின் சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல், ஒற்றைக்காலில் நிற்றல். இவற்றுக்குச் செலவேயில்லை, ஆனால் நாளாந்தம் செய்யவேண்டும்.

கிண்ணத்துக்காக அவசரப்படும் பாடசாலையிடம், "பிள்ளை இன்னும் அந்தக் காலில் நோவில்லாமல் கெந்தமாட்டாள்" என்று தாய் தயங்காமல் சொல்லலாம்.