சுவர் புதுசாகட்டும், கடன் புதுசாக வேண்டாம்!

தீபாவளி நெருங்கிவிட்டால் தோட்டப்புறங்களில் இரண்டு வாசனை சேர்ந்து வரும். ஒன்று முறுக்கு சுடும் எண்ணெய் வாசனை. மற்றொன்று சாய வாசனை. லயத்துக்கு லயம் வீட்டைக் கழுவுவார்கள். சுவருக்குச் சாயம் அடிப்பார்கள். ஜன்னலுக்குப் புதுச் சீலை மாட்டுவார்கள். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடி, மழையிலும் வெயிலிலும் குலை அறுத்தும் பால் எடுத்தும் உழைக்கிறவன், ஆண்டுக்கு ஒரு முறை தன் வீட்டை அழகு பார்க்க நினைப்பதில் என்ன தவறு? ஒரு தவறும் இல்லை.

ஆனால், இதே சமயம் பார்த்து இன்னொன்றும் லயத்துக்குள் வருகிறது. அது தவணைக்காரரின் வேன். "அக்கா, இப்ப ஒரு காசும் கொடுக்க வேண்டாம். சோபா செட்டை இறக்கிட்டுப் போறேன். மாசா மாசம் நூறு வெள்ளிதான்" என்கிறார். அந்த 'நூறு வெள்ளிதான்' என்ற சொல்லில் விழுந்து, அடுத்த தீபாவளி வரைக்கும் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் குடும்பங்கள் எத்தனை!

வீட்டைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புதுப்பிக்கத்தான் வேண்டும். கையில் இருக்கும் காசுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்கிறோம். கடனுக்குப் புதுப்பிக்கக் கூடாது என்கிறோம். இந்த வாரம் இதைக் கொஞ்சம் விவரமாகப் பேசுவோம்.

யார் வீடு? யார் செலவு?

நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. "இது நம்ம வீடா? தொரை வீடு. இன்னிக்கு இருப்போம், நாளைக்குப் போகச் சொல்லுவாங்க. இதுக்குப் போய் நாம காசு போடுறதா?" என்று சொல்லி, சுவரில் பாசி படிந்தாலும் திரும்பிப் பார்க்காதவர் ஒரு வகை. "பக்கத்து வீட்டுக்காரன் தரைக்கு டைல்ஸ் போட்டுட்டான், நாம மட்டும் சும்மா இருக்கறதா?" என்று சேமிப்பை எல்லாம் சுவரிலும் தரையிலும் கொட்டுகிறவர் இன்னொரு வகை.

முதல் வகையினரைக் கேட்கிறோம். வீடு துரையுடையதாக இருக்கட்டும். அந்த வீட்டில் படுத்துத் தூங்கும் பிள்ளை யாருடையது? ஈரச் சுவரில் பூத்திருக்கும் பூஞ்சணத்தை இராத்திரி முழுவதும் மூச்சில் இழுப்பது யார்? துரையா இழுக்கிறார்?

இரண்டாம் வகையினரையும் கேட்கிறோம். தரையில் ஒட்டிய டைல்ஸை நாளைக்குப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா? இந்நாட்டில் 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று ஆகியிருக்கிறது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலைதான் பெரும்பாலான தோட்டங்களில். தோட்டம் கைமாறினாலும் அதே கதிதான். நாம் போன பிறகு அந்த டைல்ஸ் யாருக்குச் சொந்தம்?

ஆகவே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்வோம். நிர்வாகம் செய்ய வேண்டியதை நிர்வாகம் செய்யட்டும். நம் காசு, சுத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும், போகும்போது கூடவே தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருளுக்கும் மட்டும் போகட்டும்.

நிர்வாகம் செய்ய வேண்டியது எது? இது தயவு அல்ல, சட்டம். தொழிலாளர் வீட்டுத் தரத்துக்கு 1966லேயே ஒரு சட்டம் இருந்தது. பிறகு 1990ஆம் ஆண்டில் வீடமைப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446ஆவது சட்டம் வந்தது. 2019ல் அது திருத்தவும் பட்டது. தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் தோட்ட முதலாளி குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கொடுக்க வேண்டும். வீட்டை நல்ல நிலையில் பழுது பார்த்து வைத்திருக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் கட்டளை. ஒழுகும் கூரைக்கும், உடைந்த குழாய்க்கும், உளுத்துப்போன பலகைக்கும் நாம் ஏன் நம் சம்பளத்தை உடைக்க வேண்டும்?

"சொன்னோம் தம்பி, கிராணி கேட்டுக்கிட்டாரு, ஒண்ணும் நடக்கலே" என்பீர்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுங்கள். வீட்டு எண், பழுது என்ன, எத்தனை நாளாக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஆபீசில் ஒன்று கொடுத்து, கையில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் போவதைவிட ஒரு லயமே சேர்ந்து ஒரே மனுவாகத் தொழிற்சங்கக் கிளை மூலம் கொடுப்பது மேல். அதற்கும் பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

அதே சட்டத்தில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. அனுமதி இல்லாமல் வீட்டை நீட்டுவதும் சுவரை இடிப்பதும் கூடாது. மின் கம்பியை நாமே இழுத்துக் கூடுதல் விளக்குப் போடுவது அதைவிட ஆபத்து. பலகை வீட்டில் ஒரு பொறி போதும், லயமே போய்விடும்.

முதலில் கூரை, பிறகு சுவர்

ஒழுக்கை நிறுத்தாமல் சாயம் அடிப்பது பணத்தைத் தண்ணீரில் கரைப்பதற்குச் சமம். ஈரம் உள்ளே இருந்தால் புதுச் சாயம் மூன்று மாதத்தில் கொப்புளம் கட்டி உரிந்துவிடும். கூரைக்கு முதல் இடம்; சுவருக்கு இரண்டாவது இடம்.

கூரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய வீடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் தகடு போட்டிருப்பார்கள். அதை ஆணி அடித்துத் துளைப்பதோ, உடைப்பதோ, சுரண்டுவதோ கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயைக் கொடுக்கும். அந்த வேலையை நிர்வாகத்திடமே விட்டுவிடுங்கள்.

சுவரில் பூஞ்சணம் இருந்தால் துணி வெளுக்கும் நீரைத் தண்ணீரில் கலந்து துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை அதோடு ஒருபோதும் கலக்காதீர்கள். விஷப் புகை கிளம்பும். பழைய எண்ணெய்ச் சாயம் உரிந்திருந்தால் உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கலாம். அந்தத் தூசி சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டி, தரையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

சாயம் அடிக்காத வெறும் சிமெண்டுச் சுவர் என்றால் நம் பாட்டன் காலத்துச் சுண்ணாம்பே போதும். சுண்ணாம்புத் தூளை முதல் நாள் இராத்திரியே தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒரு கைப்பிடி உப்பும் கொஞ்சம் நீலமும் சேர்த்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக இரண்டு மூன்று முறை அடித்தால் பளிச்சென்று இருக்கும். கண்ணில் மட்டும் தெறிக்கக் கூடாது. தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஏற்கெனவே எண்ணெய்ச் சாயம் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது.

சாயம்தான் வாங்க வேண்டும் என்றால் கடைக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள். அறை 10 அடிக்கு 10 அடி, சுவர் உயரம் 9 அடி என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 360 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 40 கழித்தால் 320. இரண்டு பூச்சுக்கு 640 சதுர அடி. ஒரு லிட்டர் தண்ணீர்ச் சாயம் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரை வரும். ஆக, ஏறக்குறைய 6 லிட்டர். கணக்குத் தெரியாமல் போனால் கடைக்காரர் சொன்ன அளவுதான் வாங்கி வருவோம். மிச்சச் சாயம் டின்னிலேயே காய்ந்துவிடும். மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே நிறத்தில் 18 லிட்டர் வாளி ஒன்று வாங்கினால் லிட்டர் கணக்கில் விலை குறையும். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டையும் கோத்தோங் ரோயோங்காக முடித்துவிடலாம். கூலி மிச்சம். இருட்டு வீட்டுக்கு வெளிர் நிறம் வாங்குங்கள். அறை பெரிதாகத் தெரியும்.

காசு கேட்காத அழகு

அழகு என்றதும் வாங்குவதையே நினைக்கிறோம். வீட்டை விட்டு வெளியே போக வேண்டிய பொருள்கள் எத்தனை இருக்கின்றன என்று நினைப்பதில்லை. ஓடாத மின்விசிறி, கால் உடைந்த நாற்காலி, என்றைக்கோ உதவும் என்று கட்டிலுக்கு அடியில் கிடக்கும் சாக்கு மூட்டை இவற்றை அப்புறப்படுத்தினாலே பாதி வீடு புதுசாகிவிடும். பழைய இரும்புக்காரர் அதற்கு நாலு காசும் கொடுப்பார்.

பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பழைய சேலை நல்ல ஜன்னல் சீலையாகும். ஒரு சேலையில் இரண்டு ஜன்னல். மர நாற்காலியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு பூச்சு வார்னிஷ் அடித்தால் இன்னும் பத்து வருடம் உழைக்கும். சுவாமி படத்தின் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். சாமியே சிரித்தாற்போல் இருக்கும். பழைய குண்டு பல்பை மாற்றி எல்.ஈ.டி. விளக்குப் போடுங்கள். 60 வாட் கொடுத்த வெளிச்சத்தை 9 வாட்டே கொடுக்கும்.

அஞ்சடியில் பூந்தொட்டி வைக்கலாம். பழைய டயரிலும் டின்னிலும் வைப்பவர்கள் அடியில் துளை போட்டு வையுங்கள். தேங்கும் தண்ணீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. அழகுக்கு வைத்த தொட்டி டிங்கிக் காய்ச்சலைக் கொண்டுவரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். கையில் இருக்கும் காசு ஒரு காரியத்துக்குத்தான் வரும் என்றால், அது பிள்ளை படிக்கும் மூலையாக இருக்கட்டும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு நல்ல விளக்கு, தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிய ஓர் இடம். விருந்தாளி ஒரு நாள் உட்காரும் சோபாவைவிட, பிள்ளை தினமும் உட்காரும் அந்த நாற்காலி பெரிது.

தவணையின் கணக்கு

ஒரு கணக்குக்குச் சொல்வோம். ரொக்கத்துக்கு 1,800 வெள்ளி விலையுள்ள சோபா செட். தவணையில் மாதம் 105 வெள்ளி, 24 மாதம். மொத்தம் 2,520 வெள்ளி. கூடுதலாகப் போவது 720 வெள்ளி. இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். அந்த 720 வெள்ளி என்பது பதினோரு நாள் உழைப்பு! பதினோரு நாள் தவணைக்காரருக்காக மட்டும் பெரட்டுக்குப் போகிறோம். சோபாவின் துணியோ இரண்டாம் ஆண்டிலேயே கிழிந்திருக்கும்.

சம்பளத்தில் சேமநிதிக்கு 187 வெள்ளி போய்விட்டால் கையில் மிஞ்சுவது 1,513. அதில் அரிசி, மீன், பள்ளிப் பேருந்து, மோட்டார் சைக்கிள் எண்ணெய் எல்லாம் முடிய வேண்டும். தவணை விழுந்த மாதம் எது குறையும்? அப்பாவின் சிகரெட்டா குறைகிறது? பிள்ளையின் டியூசனும் அம்மாவின் மருந்தும்தான் முதலில் குறைகிறது. வேனைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் ஒருவர். வசூல்காரருக்குப் பதில் சொல்லிக் கதவோரம் நிற்பவர் வேறொருவர். இதையும் வீட்டு ஆண்கள் யோசிக்க வேண்டும்.

இப்போது இன்னொரு ஆசையும் சேர்ந்திருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று வந்துள்ளது. சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அதில் சேரும். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். "நம்ம காசுதானே, எடுத்துப் புதுசா அலமாரி வாங்குனா என்னா?" என்று சிலர் கேட்கிறார்கள். நம் காசுதான். அதனால்தான் சொல்கிறோம். 2024ஆம் ஆண்டிற்குச் சேமநிதி கொடுத்த இலாப ஈவு 6.30 விழுக்காடு. அலமாரி எத்தனை விழுக்காடு கொடுக்கும்? அது நோய் நொடிக்கு உதவும் காசு. நாளைக்குச் சொந்த வீட்டுக்கு முன்பணம் கட்டும்போது குறையை நிரப்பும் காசு.

சிறு காசால் என்ன ஆகும் என்று எண்ண வேண்டாம். 1960ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் துண்டாடலால் நம்மவர் நடுத்தெருவுக்கு வந்த காலம் அது. மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கியவர்கள் பால்மரம் சீவிய நம் பெற்றோர்களும் தாத்தா பாட்டிகளும்தாம். அவர்கள் வீட்டில் சோபா இல்லை. பலகைக் கட்டில்தான் இருந்தது.

"தீபாவளி வருசத்துக்கு ஒரு நாள்தானே! வர்றவங்க என்ன நெனைப்பாங்க?" என்று அக்காமார்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஏழைக்கும் மானம் உண்டு; நாலு பேர் வரும்போது வீடு நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பது அந்த மானத்தால்தான். ஆனால், சுத்தமான சுவரையும் துவைத்த சீலையையும் பார்த்து எந்த விருந்தாளியும் முகம் சுளித்ததில்லை. வசூல்காரர் வாசலில் நின்று சத்தம் போடும்போது போகும் மானம்தான் திரும்ப வராது.

எனவே பண்டிகைக்கு இவ்வளவுதான் செலவு என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். 150 வெள்ளியோ 200 வெள்ளியோ, அதை எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள். டப்பா காலியானால் வேலை நிற்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாகக் கூரையை அண்ணாந்து பாருங்கள். ஒழுக்கு இருந்தால் திங்கட்கிழமை ஆபீசுக்குக் கடிதம் போகட்டும். தவணைக்காரரின் வேன் வந்தால், "அண்ணே, இந்த வருசம் எங்களுக்கு வேண்டாம், போயிட்டு வாங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புங்கள்.