ஒரு நெறியாளரின் யாத்திரை

எண்பது வயதை நெருங்கும் ஒருவர் முற்றத்திற் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பழங்கதை பேசியிருப்பதே நம்மவர் வழக்கம். ஜேர்மனிய திரைப்பட நெறியாளர் விம் வெண்டர்ஸ் அவ்வழக்கத்துக்கு உட்பட்டவரல்லர். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அவர் இந்தியாவுக்கு வந்தார். மும்பாய், திருவனந்தபுரம், கொல்கத்தா, டெல்லி, புனே ஆகிய ஐந்து நகரங்களிலே தம்முடைய 18 படங்கள் காட்டப்பட்ட வேளையில், பார்வையாளரோடு அளவளாவினார். திருவனந்தபுரம் வரை வந்தவர் இன்னுஞ் சிறிது தெற்கே கடல் தாண்டி வந்திருக்கலாகாதா என்றோர் ஆதங்கம் எனக்கு ஏற்பட்டதுண்டு. ஆனால், வந்திருந்தால் அவருக்கு எதனைக் காட்டியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தபோது அவ்வாதங்கம் சற்றே தணிந்தது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

அதே ஆண்டு மே மாதத்தில் அவருடைய குறும்படமொன்று வெளிவந்தது. பிரான்சின் றீம்ஸ் நகரிலுள்ள பாடசாலையொன்றே அதன் களம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஐசன்ஹோவரின் தலைமையகம் அப்பாடசாலையிலேதான் இயங்கியது. 1945 மே 7ஆந் திகதி விடியுமுன் ஜேர்மனியத் தளபதியொருவர் சரணாகதிப் பத்திரத்திற் கையொப்பமிட்டதும் அங்கேதான். பின்னர் பாடசாலையின் சாவிகள் நகர முதல்வரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அச்சாவிகளே படத்துக்குத் தலைப்பாயின: 'சுதந்திரத்தின் சாவிகள்'. கையொப்பம் இடப்பட்டு மூன்று மாதங்களின் பின், ஓகஸ்ட் 14ஆந் திகதி, டுசல்டோர்ப் நகரிலே பிறந்தவர் வெண்டர்ஸ். பெரும் போர்களைப் பற்றிப் படமெடுப்போர் பலர். போர் முடிந்த வகுப்பறையைத் தேடிப் போகிறவர் அரியர். மாணாக்கர் அமரும் அறையிலும் சரித்திரம் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை ஆசிரியர்களாகிய நம் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெண்டர்ஸின் படங்களிலே முதலில் இடம் வருகிறது. கதை அதன் பின்னால் மெல்ல நடந்து வருகிறது. 1984இற் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற 'பாரிஸ், டெக்சாஸ்' படத்தின் பாலைவனமும், 1987இல் வந்த 'விங்ஸ் ஒவ் டிசையர்' படத்திலே சுவரினாற் பிளவுண்டு கிடந்த பேர்ளின் நகரமும் பாத்திரங்களைக் காட்டிலும் நெடுநாள் நம் நெஞ்சில் நிற்பன. ஓவியனாக வேண்டுமென்று இளமையிற் பாரிசுக்குப் போய், அங்கே பழம்படக் களஞ்சியத்தின் இருளிற் படம் படமாகப் பார்த்துத் திரைக்கலைக்கு வந்து சேர்ந்தவர் அவர். கண்ணை முன்னிறுத்தும் பண்பு அந்த ஓவிய ஆசையின் எச்சமென்றே கருதுகிறேன்.

அவருடைய பயணங்களுள் என்னை மிகவும் கவர்ந்தது யப்பானியப் பயணமே. முதன்முறை அவர் அங்கு படமெடுக்கச் சென்றது 1983இல். யப்பானிய நெறியாளர் யசுஜிரோ ஓசு, 1963இலே தமது அறுபதாவது பிறந்தநாளன்று காலமானவர். அவர் காட்டிய தோக்கியோ நகரத்தில் ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று தேடியே வெண்டர்ஸ் போனார். 1985இல் வெளிவந்த 'தோக்கியோ-கா' என்ற விவரணப் படம் அத்தேடலின் குறிப்பேடு. ஓசுவின் படங்களிலே தந்தையாக நடித்த சிஷூ றியூவையும், படப்பிடிப்பாளர் யுஹாரு அட்சுதாவையும் அதிலே காண்கிறோம். கமெராவை நிலத்தோடு நிலமாக, பாயில் அமர்ந்திருப்பவனின் கண்மட்டத்திலே நிறுத்துவது ஓசுவின் முறை. அதற்கென அமைந்த தாழ்ந்த தாங்கியைக் காட்டிப் பேசிக்கொண்டு வந்த அட்சுதா, தம் ஆசானை நினைந்து பேச்சு நின்று அழுகிறார். சீடன் குருவுக்குச் செய்த சிறப்புகளுள் அக்கண்ணீருக்கு ஒப்பானதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நாற்பது ஆண்டுகளின் பின் அதே நகரத்திலிருந்து வெண்டர்ஸுக்கு விசித்திரமான ஓர் அழைப்பு வந்தது. எங்கள் மலசலகூடங்களை வந்து பாருங்கள் என்பதே அது! தோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்திலே, நிப்பொன் மன்றத்தின் ஆதரவில், 17 பொது மலசலகூடங்கள் 2020 முதல் 2023 வரையிற் புதிதாக எழுப்பப்பட்டன. ததாவோ அந்தோ, ஷிகெரு பான், கெங்கோ குமா போன்ற உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர்கள் அவற்றை வடிவமைத்தனர். ஷிகெரு பான் அமைத்தவற்றின் சுவர்கள் நிறக் கண்ணாடியாலானவை. வெளியிலிருந்து பார்ப்போருக்கு உள்ளே தூய்மையாக இருப்பது தெரியும். உட்சென்று தாழிட்டவுடன் கண்ணாடி மங்கி மறைத்துவிடும். இவற்றைப் பற்றிக் குறும்படங்களோ புகைப்படங்களோ எடுத்துத் தரலாகாதா என்பதே அழைத்தோர் விருப்பம். பார்த்து வந்த வெண்டர்ஸ், முழுநீளக் கதைப்படமொன்றையே எடுக்க முனைந்தார். தகுமா தகாசாகியோடு சேர்ந்து எழுதி, மூன்று வாரத்துக்குட்பட்ட காலத்திற் படப்பிடிப்பை முடித்தார். 2023இற் கான் விழாவிற் காட்டப்பட்ட 'பேர்பெக்ட் டேய்ஸ்' என்னும் அப்படத்துக்காகக் கோஜி யகுஷோ சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார்.

கதை என்று சொல்ல அதில் அதிகமில்லை. ஹிராயாமா என்பவன் விடியலில் எழுகிறான்; பாயைச் சுருட்டுகிறான்; செடிகளுக்கு நீர் தெளிக்கிறான்; சிறிய வானிலே பழைய ஒலிநாடாக்களைக் கேட்டவாறு போய் மலசலகூடங்களைக் கழுவுகிறான். நண்பகலில் மரத்தடியில் அமர்ந்து, இலைகளினூடு ஒளி சிதறுவதைப் படம் பிடிக்கிறான். இரவில் நூலொன்றை வாசித்தபடி உறங்கிப் போகிறான். ஹிராயாமா என்னும் பெயர் ஓசுவின் 1962ஆம் ஆண்டுக் கடைசிப் படத்து நாயகனுடையது. பெயரை மட்டுமா கடன் பெற்றார்? கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியிலும் அழுக்கிருக்கிறதா என்று சிறுகண்ணாடியைப் பிடித்துக் குனிந்து பார்க்கிறான் ஹிராயாமா. ஓசு தாழ்த்தி வைத்த கமெராவின் பணிவு அந்தக் குனிதலில் இருக்கிறது.

தொடக்கத்திலே ஒரு காட்சி. தாயைத் தவறவிட்ட சிறுவனொருவன் மலசலகூடத்துள் அழுதுகொண்டிருக்கிறான். ஹிராயாமா அவன் கையைப் பிடித்து வெளியே அழைத்து வருகிறான். ஓடிவந்த தாய் நன்றி சொல்லவில்லை; இவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஈரத்தாளை எடுத்துப் பிள்ளையின் கையைத் துடைக்கிறாள்.

இக்காட்சியில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். பத்திரிகைத் தொழிலுக்கு வருமுன் சில ஆண்டுகள் நான் ஆசிரியனாக இருந்தவன். வீட்டுவேலை செய்து வராத மாணாக்கரை மலசலகூடங் கழுவ அனுப்புவது எங்கள் பாடசாலையில் வழங்கிய தண்டனைகளுள் ஒன்று. நானும் அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை அவ்வாறு போய்த் திரும்பிய பையன் தன் இடத்தில் அமர்ந்தபோது, அதே வாங்கில் இருந்தவன் கொப்பிகளை இழுத்துக்கொண்டு விலகி அமர்ந்தான். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கரும்பலகையின் பக்கந் திரும்பி விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன். எந்த இலக்கணத்தையும் விட அன்று அவர்கள் என்னிடம் நன்றாகக் கற்றுக்கொண்டது, துப்புரவு செய்தல் இழிவு என்பதையே. யப்பானியப் பாடசாலைகளிலும் மாணாக்கர் தம் வகுப்பறையைத் தாமே கூட்டித் துடைக்கிறார்கள். அங்கே அது தண்டனையாகாது. நாளாந்த நேரசூசியில் ஒரு பகுதி.

இப்படத்தின்மீது குறை சொல்ல எனக்கு இடமுண்டு. மலசலகூடத் திட்டத்தைத் தொடக்கி வைத்த கோஜி யனாயே படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவர். ஆகவேதானோ என்னவோ, ஹிராயாமா கழுவுமிடங்கள் கழுவுமுன்னரே பளிச்சென்றிருக்கின்றன! அதனிலும் பெரிய குறையொன்று: அவன் செல்வக் குடும்பத்தில் தோன்றியவன் என்பதைச் சாரதியோட்டும் காரில் வந்திறங்கும் தங்கை உணர்த்துகிறாள். இத்தொழிலை அவன் தானே விரும்பி ஏற்றவன். விரும்பி ஏற்றவனுக்குத்தான் இலையொளியை இரசிக்கும் அமைதி வாய்க்கும். பிறப்பினால் ஏற்றவன் நிலை வேறு. தகழி சிவசங்கரப்பிள்ளை 1947இல் எழுதிச் சுந்தர ராமசாமி தமிழாக்கிய 'தோட்டியின் மகன்' நாவலிலே தந்தைக்கு இருக்கும் ஒரே கனவு, மகன் தோட்டியாகாதிருக்க வேண்டுமென்பதே. நமது நகரங்களைத் துப்புரவு செய்ய ஆங்கிலேயராட்சியில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் சந்ததியாருக்கும் ஹிராயாமாவின் புன்னகை எளிதிற் பிடிபடாது. வெண்டர்ஸ் இதனை அறியாதவரென்று நான் நினைக்கவில்லை. வாகனமோட்டும் ஹிராயாமாவின் முகத்திலே சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வருகின்ற இறுதிக் காட்சியை, வெறும் திருப்தியைக் காட்ட வந்தவரால் எடுத்திருக்க முடியாது.

இந்த மனிதர் பொதுநலனைத் திரையோடு நிறுத்திக்கொண்டவருமல்லர். தம் படங்களின் உரிமை ஒருகாலத்திற் கைவிட்டுப் போயிருக்க, அவற்றை மீட்டெடுத்து, 2012இல் மனைவி டொனாட்டாவுடன் நிறுவிய மன்றத்தின் உடைமையாக்கினார். வருவாய் பழம்படங்களைப் புதுப்பிக்கவும் இளங்கலைஞருக்கு உதவவும் செல்கிறது. மக்கள் பணத்திற் கட்டிய மலசலகூடமும் மக்கள் பார்த்த படமும் மக்களுக்கே உரியன என்று எண்ணுபவர் போலும்.

அவர் இங்கு வந்திருந்தால் எதனைக் காட்டியிருப்போம் என்று தொடக்கத்திற் கேட்டேன். அரங்குகளையும் நூலகங்களையும் காட்டியிருப்போம். பொது மலசலகூடம் எங்கே என்று அவர் வினவியிருந்தால் வேறு பேச்சைத் தொடங்கியிருப்போம்.

படத்தை மறுபடி ஓடவிட்டு முடித்த இரவில், நான் கற்பித்த பாடசாலையிலே நாள்தோறும் வாளியும் துடைப்பமுமாக வந்த மனிதரின் பெயரை நினைவுபடுத்த முயன்றேன். முகம் நினைவிருக்கிறது, இடக்காலைச் சற்றே இழுத்து நடப்பார். பழைய சக ஆசிரியர்கள் மூவரிடம் விசாரித்தேன். அதிபரின் பெயர், காவலாளியின் பெயர், மணியடித்தவரின் பெயர் எல்லாம் சொன்னார்கள். அவருடைய பெயர் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.