ஏணியின் கீழ்ப்படி எங்கே?

“அவர்கள் படிக்கமாட்டார்கள், ஊர் சுற்றுவதே அவர்கள் இயல்பு.” நரிக்குறவர் பிள்ளைகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் கற்றவர் வாயிலிருந்தே வரும் தீர்ப்பு இது. தருமபுரிப் பேருந்து நிலையத்திலோ, ஒகேனக்கல்லின் ஆடிப்பெருக்குக் கூட்டத்திடையிலோ பாசிமணி விற்கும் தாயையும், அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையையும் கண்ட மாத்திரத்தில் அந்தக் குழந்தையின் எதிர்காலத்தையும் எழுதி முடித்துவிடுகிறோம். இத்தீர்ப்பை எழுதுவதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு?

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். வேட்டையே இவர்களது பழந்தொழில். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதன் கதவை அடைத்தது. காட்டைக் காக்க வந்த சட்டத்தை நாம் குறைகூறவில்லை. தொழிலிழந்தவன் எதைக் கொண்டு பிழைப்பான் என்று கேட்பாரில்லை என்பதே நம் குறை. ஊசியும் பாசியும் சுமந்து திருவிழாத்தோறும் குடும்பத்தோடு அலைந்தார்கள். அலைந்த பிள்ளைக்குப் பள்ளிப் பதிவேட்டில் இடமில்லாமற் போயிற்று. இதுதானா இயல்பு?

இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965-இல். தருமபுரி மாவட்டம் பிறந்ததும் அவ்வாண்டில்தான். அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதோ 2022 டிசம்பரில்! மாவட்டத்தின் வயதுக்கு ஏறக்குறையச் சமமாக ஒரு பரிந்துரை உறங்கிக் கிடந்தது. இடையில் இரு தலைமுறைகள் கடந்து போயின.

சட்டம் வந்துவிட்டதே, இனியென்ன என்பார் உண்டு. மாநிலத்தில் பழங்குடியினர்க்கு நூற்றுக்கு 1, மத்தியில் 7.5 என்னும் ஒதுக்கீடு மெய்தான். அது யாருக்குப் பயன்படும்? பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்தவனுக்கு. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும், உயர்கல்வி புகுந்த மாணவிக்கே. நல்ல திட்டங்கள், வரவேற்கிறோம். ஆயினும் இவையெல்லாம் ஏணியின் மேற்படிகள் அன்றோ? கீழ்ப்படி எங்கே?

கீழ்ப்படி அங்கன்வாடியில் இருக்கிறது. வீட்டில் அக்குழந்தை பேசுவது வாக்ரிபோலி. குசராத்தி, மராத்தி முதலிய வடமொழிக் குடும்பத்து மொழிகளோடு உறவுடையது. அங்கே அதன் காதில் விழுவது தமிழ் மட்டுமே. புரியாமல் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மந்தமென்று ஒதுக்கிவிட்டால், கல்வி அன்றே முடிந்துபோகிறது.

இக்கொடுமை நமக்கு மட்டும் உரியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்திய மண்ணினின்றும் புறப்பட்டு ஐரோப்பாவில் பரவிய ரோமா மக்களும் இதையே கண்டார்கள். செக் நாட்டின் ஆஸ்திராவா நகரில் ரோமாப் பிள்ளைகள் அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான பள்ளிகளில் தள்ளப்பட்டனர். பதினெட்டுப் பிள்ளைகள் தொடுத்த வழக்கில், இது பாகுபாடே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 2005-இல், தோன்றிய ரோமாக் கல்வி நிதியம் மழலைப் பள்ளி தொட்டுப் பல்கலைக்கழகம் வரை துணைநிற்பதைத் தன் பணியாகக் கொண்டது. இடையில் கைவிடாமை என்னும் அக்கொள்கையே நாம் கற்கவேண்டிய பாடம்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டமாக நின்றது தருமபுரி. சித்தேரி மலையின் மலையாளிகளும், பென்னாகரம் வட்டாரத்து இருளரும் வாழும் மாவட்டம் இது. கடைசியில் நின்ற மாவட்டம், கடைசியில் நிற்கும் பிள்ளையை முதலில் நினைக்க வேண்டாமா?

நாம் கேட்பது அரிதான செயலன்று. நரிக்குறவர் குடியிருப்பை ஒட்டிய அங்கன்வாடியில் அம்மொழி அறிந்த ஒரு பெண்ணைப் பணியமர்த்துக. பெற்றோர் திருவிழாவுக்குச் செல்லும் மாதங்களில் பிள்ளைகள் தங்கிப் பயில விடுதி தருக. சான்றிதழ்க்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலையவிடாது, பள்ளியில் சேரும் ஆண்டிலேயே அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுக்க. கல்லூரியில் கால்வைத்தவனைப் பட்டம் பெறும்வரை விசாரிக்க ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குக.

இவ்வளவையும் செய்து பார்த்த பின்னரும் அவர்கள் படிக்கவில்லையென்றால், அன்று அத்தீர்ப்பைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, ஏணியை மேலே தொங்கவிட்டுக் கீழே நிற்கும் குழந்தையை “ஏறத் தெரியாதவன்” என்று ஏசுவதை நிறுத்துவோம்.