வெள்ளை அங்கியை அப்புறம் வாங்கலாம்

"கெல்ட்டிக் மேஜிக் கத்துக்கணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று நேயர் ஒருவர் கேட்டு அனுப்பியிருந்தார். கூடவே ஓர் இணைய வகுப்பின் விளம்பரம். எட்டு வாரப் பாடம், முடிவில் சான்றிதழ். இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் வெள்ளை அங்கியும், பழைய எழுத்து கீறிய மரக்குச்சிகளும் வீட்டுக்கே வரும். கட்டணத்தைப் பார்த்தேன். சின்னக் காரின் மாதத் தவணையைத் தாண்டியிருந்தது. "கட்டலாமா?" என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி.

கட்ட வேண்டாம், ஆனால் ஆசையை விட்டுவிடவும் வேண்டாம் என்று பதில் போட்டேன். காரணத்தை வாட்ஸ்அப்பில் அடக்க முடியவில்லை. அதனால் இந்த வாரப் பத்தி அதற்கே.

முதலில் பெயர். கெல்ட்டிக் என்பது ஒரு நாடு அல்ல, மதமும் அல்ல. ஒரு மொழிக் குடும்பம். ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், மான் தீவின் மாங்ஸ், வேல்ஸ் மொழி, கார்னிஷ், பிரான்சின் பிரெட்டன் என ஆறு மொழிகள் இன்றும் இருக்கின்றன. பழங்காலத்தில் இன்றைய பிரான்சின் பெரும்பகுதியிலும் கோல் மொழி என்ற இன்னொரு கெல்ட்டிய மொழி பேசினார்கள். இத்தனை ஊருக்கும் இத்தனை நூற்றாண்டுக்கும் சேர்த்து ஒரே மந்திரப் பாடம் இருந்ததே இல்லை.

சரி, அந்த ட்ரூயிட் பூசாரிகள்? அவர்கள் உண்மையில் இருந்தார்கள். ஜூலியஸ் சீசர் கோல் நாட்டுப் போரைப் பற்றி எழுதிய நூலின் ஆறாம் பகுதியில் அவர்களைப் பற்றிச் சொல்கிறார். சிலர் 20 ஆண்டுகள் வரை மாணவர்களாக இருந்து செய்யுள் செய்யுளாக மனப்பாடம் செய்தார்களாம். மற்றக் கணக்கு வழக்குக்கெல்லாம் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தியவர்கள், தங்கள் வித்தையை மட்டும் எழுதி வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் விட்டார்கள். அவர்கள் ஓதியதில் ஒரு வரிகூட நம் கைக்கு வரவில்லை. 20 ஆண்டுப் பாடத்தை எட்டு வாரத்தில் முடிப்பது இருக்கட்டும், பாடமே இல்லையே.

வெள்ளை அங்கிக்கு ஓர் ஆதாரம் உண்டு. ரோமானிய எழுத்தாளர் பிளினி, வெள்ளுடை உடுத்த ட்ரூயிட் ஒருவர் ஓக் மரத்தில் ஏறிப் பொன் அரிவாளால் புல்லுருவியை அறுப்பதையும், கீழே இரண்டு வெள்ளைக் காளைகள் பலியாவதையும் எழுதியிருக்கிறார். ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதையில் கஷாயம் காய்ச்சும் அந்தத் தாடித் தாத்தாவுக்கு மூலம் இதுதான்.

மீதி எல்லாம் பிற்காலத்துச் சரக்கு. 1792-ல் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கல்தச்சர், லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக வைத்து ஒரு சடங்கு நடத்தினார். இயோலோ மொர்கானுக் என்பது அவருடைய புனைபெயர். பழைய ட்ரூயிட் மரபு தன்னிடம் வந்து சேர்ந்திருப்பதாகச் சொன்னார். அதற்குச் சான்றாகக் காட்டிய ஏடுகளில் பலவற்றை எழுதியவர் அவரேதான். 'கெல்ட்டிய மர நாள்காட்டி' என்று இப்போது விற்பது, 1948-ல் வந்த ராபர்ட் கிரேவ்ஸ் என்ற கவிஞரின் நூலில் பிறந்தது. ஒவ்வோர் ஆரம்ப வகுப்பிலும் முதல் பாடமாக வரும் எட்டுப் பண்டிகை 'ஆண்டுச் சக்கரம்' அதற்கும் இளையது. நான்கு பண்டிகைகள் பழைய ஐரிஷ் நூல்களில் இருப்பவை. மற்ற நான்கையும் சேர்த்து எட்டாக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டது 1950-களின் இங்கிலாந்து.

அதில் பெரும் பங்கு ஜெரால்ட் கார்ட்னருக்கு. விக்கா என்னும் நவீன சூனிய மதத்தைப் பரப்பியவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, பிறகு நம் மலாயாவுக்கு வந்து பல ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தவர். கெரிஸ் கத்தியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1936-ல் சிங்கப்பூரில்தான் வெளிவந்தது! ஆதி அயர்லாந்தின் ரகசியம் என்று நமக்கு விற்கப்படும் ஒன்று, ஜொகூரில் குப்பை கொட்டிய ஒருவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு உருவானது.

புதிது என்பதால் அது தப்பு என்று நான் சொல்லவில்லை. மனமார அதைப் பின்பற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பாடு அது. எழுபது வயதுச் சரக்கை ஈராயிரம் ஆண்டுச் சரக்கு என்று சொல்லிக் காசு வாங்குவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அதைவிடப் பெரிய வருத்தம், உண்மையில் மிஞ்சியிருக்கும் பழைய மந்திரங்கள் இவற்றைவிடப் பல மடங்கு சுவையானவை என்பது.

இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுலிஸ் என்ற உள்ளூர்ப் பெண் தெய்வத்தின் இடம் அது. ரோமானியர் வந்து அவளைத் தங்கள் மினர்வாவோடு சேர்த்துக் கும்பிட்டார்கள். அந்த ஊற்றிலிருந்து சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் லத்தீனில் எழுதிய சாபங்கள். எதற்குச் சாபம் தெரியுமா? குளிக்கப் போன இடத்தில் துணி திருடு போனதற்கு! கையுறை போயிற்று, காசு போயிற்று என்று அம்மனிடம் புகார். தொசிலியானுஸ் என்பவர் தலைமூடி வைத்த தன் மேலங்கியைத் தொலைத்துவிட்டு, எடுத்தவன் ஆணோ பெண்ணோ, அதைக் கோயிலில் கொண்டுவந்து வைக்கும்வரை அவனுக்குத் தூக்கமும் பிள்ளையும் வாய்க்கக் கூடாது என்று முறையிட்டிருக்கிறார். பிரபஞ்ச ரகசியம் எதுவும் அதில் இல்லை. குளிரில் நடுங்கும் ஒரு மனிதனின் கோபம் இருக்கிறது.

கோல் மொழியிலேயே எழுதியதும் உண்டு. 1983-ல் தென் பிரான்சின் லார்சாக் பகுதியில் ஒரு கல்லறையிலிருந்து ஈயத் தகடு ஒன்று வெளிப்பட்டது. வரிசையாகப் பெண்களின் பெயர்கள், கூடவே 'பெண்களின் மந்திரம்' என்று பொருள்படும் சொற்றொடர். மந்திரத்துக்கு அதில் வரும் சொல்லும் பழைய ஐரிஷில் 'பிரிக்த்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. முழு வாசகத்துக்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் சென்ட் கால் மடத்து நூலகத்தில் பழைய ஐரிஷ் மந்திரங்கள் சில பாதுகாக்கப்படுகின்றன. தலைவலிக்கு ஒன்று, முள் தைத்ததற்கு ஒன்று, சிறுநீர்க் கோளாறுக்கு ஒன்று. கொல்லர் தெய்வமான கொய்வ்னியுவையும் வைத்தியர் தெய்வமான டியான் கேக்ட்டையும் அவற்றில் அழைக்கிறார்கள். எழுதி வைத்ததோ கிறிஸ்தவத் துறவிகள்.

இந்த வரிசையைப் பாருங்கள். திருடு, தலைவலி, முள். கெல்ட்டிய நாடுகளில் மந்திரம் என்பது பெரும்பாலும் இப்படி அன்றாடத்துக்கு உதவிய வாய்ச்சொல். அதில் எனக்கு மிகவும் பிடித்த தொகுப்பைப் பெரியவர்கள் செய்யவில்லை, பள்ளிப் பிள்ளைகள் செய்தார்கள். 1937 முதல் 1939 வரை அயர்லாந்து அரசு சுமார் 5,000 பள்ளிகளின் மேல் வகுப்பு மாணவர்களிடம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஊர்க் கதை, கைவைத்தியம் எல்லாம் எழுதி வரச் சொன்னது. அந்த நோட்டுப் புத்தகங்களை இன்று 'டூகஸ்' இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மருவுக்கு ஒரு வைத்தியம்: நத்தையை மருவின்மேல் தேய்த்து முள்செடியில் குத்தி வை, நத்தை காயக் காய மரு உதிரும். நத்தைக்குத்தான் பாவம்.

அந்த ஊர் வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. வைத்தியம் கைவரப் பெற்றவர் அதற்குக் கூலி கேட்கக் கூடாது. சில இடங்களில் நன்றிகூடச் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது என்பார்கள். கிளேர் மாவட்டத்தில் 1874-ல் இறந்த பிடி எர்லி என்ற பெயர் பெற்ற மூலிகைக்காரப் பாட்டியிடம் மக்கள் கொண்டு போனது விஸ்கியும் சாப்பாட்டுச் சாமானும். சான்றிதழ் வகுப்புக்காரர்கள் இந்தப் பாடத்தை மட்டும் எப்படியோ விட்டுவிடுகிறார்கள்.

இனிப்பை மட்டும் சொல்லி முடித்தால் அது நியாயம் ஆகாது. 1895 மார்ச்சில் டிப்பெரரி மாவட்டத்தில் பிரிஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் நோய்வாய்ப்பட்டுப் படுத்தாள். மருத்துவரும் வந்து பார்த்தார். ஆனால் படுத்திருப்பது தன் மனைவியே அல்ல, தேவதைக் கூட்டம் அவளைக் கடத்திவிட்டு மாற்றாளை விட்டுச் சென்றிருக்கிறது என்று கணவன் மைக்கேல் நம்பினான். உறவினர்கள் பிடித்துக்கொள்ள, வாயில் மூலிகைக் கஷாயத்தைத் திணித்தார்கள். 'நீ யார்?' என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் அவன் அவளை எரித்தே கொன்றான். பிறகு, வெள்ளைக் குதிரையில் அவள் திரும்பி வருவாள் என்று காத்திருந்தான். 20 ஆண்டு தண்டனை பெற்று 15 ஆண்டு சிறையில் கழித்தான். கெல்ட்டிய மந்திரம் கற்க வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே படிக்க வேண்டிய கதை இது. அங்கி விற்கிற கடையில் இந்தப் புத்தகம் இருக்காது. காய்ச்சலோ மனச்சோர்வோ என்றால் முதலில் கிளினிக், மந்திரமெல்லாம் பிறகு.

இனி, தொடங்குவது எப்படி? ரொனால்ட் ஹட்டனின் 'பிளட் அண்ட் மிசல்டோ' என்ற நூலில் தொடங்குங்கள். ட்ரூயிடுகளைப் பற்றி இருப்பது எது, கட்டியது எது என்று கேலி செய்யாமல் பிரித்துக் காட்டுவார். (ஆசிரியர் பிறந்தது நம்ம ஊட்டியில்!) பழைய ஐரிஷ் கதைகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் 'செல்ட்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அதோடு காது. வானொலிக்காரி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த மந்திரங்களெல்லாம் ஓதுவதற்கு, உதட்டிலும் மூச்சிலும் இருப்பவை. இலையுதிர்காலப் பண்டிகையின் பெயரை எழுத்துக்கூட்டி 'சாம்ஹெய்ன்' என்று வாசிக்கிற ஆசிரியரிடம் மந்திரம் கற்க முடியாது. அது 'சௌவின்'. டுவோலிங்கோவில் ஐரிஷ் இலவசம். தினம் பத்து நிமிடம் போட்டுக் கேளுங்கள். மாங்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 1974-ல் இறந்தார். பாடம் படித்தவர்கள்தான் அந்த மொழியை மறுபடி பேச வைத்திருக்கிறார்கள்.

கையால் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், வரும் ஜனவரி 31 இரவு 'பிரத் பிரீதெ' வழக்கத்தைச் செய்து பாருங்கள். பிரிஜித் என்ற புனிதையின் நாளுக்கு முந்திய இரவு அது. அந்த நாளுக்கு அயர்லாந்தில் 2023 முதல் அரசு விடுமுறையும் உண்டு. ஒரு துணியை இரவு முழுவதும் வெளியே போட்டு வைப்பார்கள். அவள் அந்த வழியாகப் போகும்போது தொட்டுவிட்டுப் போவாளாம். காலையில் எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் தலைவலி வந்தால் நெற்றியில் கட்டிக்கொள்வார்கள்; பசு கன்று போடும்போது அதன்மேல் போர்த்துவார்கள். செலவு ஒரு கைக்குட்டை. அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் மறக்காமல் கிளிப் போடுங்கள். அயர்லாந்தில் அன்று துணியில் பனி படியும், நம் ஊரில் மழைதான் பிடித்துக்கொள்ளும்.