கடல்நீரைத் தாங்கும் மாற்று இன்ஜின் வாங்க மானியமும் பராமரிப்பு வசதியும் கோரி மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு மீனவர் சங்கத்தினர்,
சேதுபாவாசத்திரம் கடற்கரை,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தஞ்சாவூர்.
உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை.

பொருள்: நாட்டுப்படகுகளின் ஆயுள் முடிந்த வெளிப்பொருத்தும் இயந்திரங்களை மாற்றுவதற்கு மானிய முறையில் திருத்தமும், இறங்குதளத்தில் பராமரிப்பு வசதியும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது எங்கள் படகுகளோடு இன்ஜின்களும் சேற்றில் புதைந்தன. தோண்டி எடுத்ததைக் கழுவித் துடைத்துச் சிலர் ஓட்டினோம். மற்றவர்கள் கிடைத்த நிவாரணத்தோடு கடனும் வாங்கிப் புதிது வாங்கினோம். அப்போது ஒரே சமயத்தில் வாங்கிய இன்ஜின்கள் இப்போது ஒரே சமயத்தில் ஓய்ந்து வருகின்றன. மாற்றியே ஆக வேண்டும். கையில் பணம் குறைவு. இந்த நிலையில் விலை குறைந்த இன்ஜினைத் தேடுவதா, உப்புத் தண்ணீரில் நின்று உழைக்கும் இன்ஜினைத் தேடுவதா என்ற கேள்வியோடு தங்களிடம் வந்திருக்கிறோம்.

பாக் நீரிணையில் திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு. மீதி நான்கு நாட்களே எங்களுக்கு. அந்த நான்கில் ஒரு நாள் இன்ஜின் பட்டறையில் கிடந்தால் வாரத்தின் கால் பங்கு வருமானம் போயிற்று. நடுக்கடலில் நின்றுவிட்டால் சேதம் அதோடு முடிவதில்லை. கச்சான் காற்றில் படகு தானாகவே கிழக்கே ஒதுங்கும். அங்கே இலங்கையுடனான கடல் எல்லைக்கோடு இருக்கிறது. இன்ஜின் பழுது என்று சொல்லி அங்கே யாரிடமும் தப்ப முடியாது.

வெளிப்பொருத்தும் இன்ஜின் கடல்நீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஓட்டம் நின்றதும் உள்ளே தங்கிய நீர் வற்றி உப்பு படிகிறது. ஓடும்போது பக்கத்திலுள்ள சிறு துளையிலிருந்து நீர் வேகமாகப் பீய்ச்ச வேண்டும். அது நூலாக மெலிந்தால் உப்போ கடற்புல்லோ அடைத்துவிட்டது என்று பொருள். எங்கள் கடல் ஆழம் குறைந்தது, புல் மண்டியது. துளையில் கம்பியை விட்டுக் குத்திக் குத்தியே கரை சேர்வது எங்களுக்குப் புதிதல்ல. துளை திறந்திருந்தும் நீர் வரவில்லையென்றால் பெரும்பாலும் பம்பின் ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கும். சின்னச் சாமான்தான். அது உரிய நேரத்தில் கிடைக்காமல் பிஸ்டன் பிடித்து இன்ஜினே போனவர்கள் எங்களில் உண்டு.

இன்ஜினின் அடிப்பகுதியில் திருகியிருக்கும் துத்தநாகத் துண்டும் அப்படித்தான். அது தான் அரிபட்டு அலுமினிய உடலைக் காக்கிறது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். நன்னீருக்கான மக்னீசியத் துண்டைக் கடலில் போட்டால் விரைவில் கரைந்துவிடும். துத்தநாகத்தின் மேல் பெயின்ட் அடித்துவிட்டால் அது இருந்தும் பயனில்லை. இதெல்லாம் இன்ஜின் விற்கும்போது சொல்லப்படுவதில்லை.

தண்டின் நீளத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு 20 அங்குலத் தண்டு தேவைப்படும் படகு. இருப்பில் உள்ளது இதுதான், விலையும் குறைவு என்று 15 அங்குலத் தண்டு கொண்ட இன்ஜினை விற்பனையாளர் தள்ளிவிட்டார். சிறு அலை எழுந்தாலும் விசிறி தண்ணீருக்கு மேலே வந்து காற்றில் சுற்றியது. நீர் உறிஞ்சும் வாயும் வெளியே வந்து இன்ஜின் சூடேறியது. மிச்சம் பிடித்த பணத்தைப் போல் பல மடங்கு பழுதுபார்ப்பில் செலவானது.

எங்கள் அனுபவத்தில், தினமும் கரையில் இழுத்து ஏற்றும் சிறு படகுக்கு இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் போதும். எடை குறைவு, கரையிலுள்ள மெக்கானிக்கே பிரித்துச் சேர்ப்பார். தொலைவு போகும் படகுக்கு நான்கு ஸ்ட்ரோக்தான் கட்டுப்படியாகும். விலையும் எடையும் கூடுதல் என்றாலும் எரிபொருள் மிச்சமாகிறது. வயலுக்கு நீர் இறைக்கும் டீசல் இன்ஜினில் நீண்ட தண்டு மாட்டி ஓட்டுவோரும் இருக்கிறார்கள். வாங்கும்போது மலிவு, உப்புக் காற்றில் துருப்பிடித்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் உண்டு. ஆனால் அது நிர்ணயித்த அலகு விலைக்குத்தான். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாயும் எங்கள் கையிலிருந்து, அதாவது மீன் வியாபாரியிடம் வாங்கும் முன்பணத்திலிருந்து. முன்பணம் வாங்கியவர் வியாபாரி சொல்லும் விலைக்கே மீனைப் போட வேண்டும். ஆகவே, அலகு விலையை இன்றைய சந்தை விலைக்கு உயர்த்தப் பரிந்துரைக்குமாறு கோருகிறோம். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு நீளத் தண்டு, எத்தனை ஸ்ட்ரோக் என்பதைப் படகின் அளவைப் பார்த்து மீனவரே தேர்வு செய்யும் உரிமை வேண்டும்.

முழு இன்ஜினும் மாற்ற வேண்டாத நிலையில் கியர் பெட்டியையோ மேல்பகுதியையோ மட்டும் மாற்றுவதற்கும் மானியம் தர வேண்டும். அரசுக்கும் அதில் செலவு குறைவு. பழைய இன்ஜின் வாங்குவோருக்குத் துறையின் பொறியாளரைக் கொண்டு ஒரு சோதனை ஏற்பாடு செய்யலாம்: சிலிண்டர்களின் அழுத்தம் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கிறதா, கியர் எண்ணெய் பால் போல வெளுத்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி மோசடி வெளிப்பட்டுவிடும். மீன்பிடிக் கலத்தில் பொருத்தும் டீசல் கடல் இன்ஜினுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடுதான் என்று மத்திய அரசு 2018இல் தெளிவுபடுத்தியது. கடைகளில் அப்படித்தான் பில் போடுகிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டுகிறோம். ரப்பர் இறக்கை, துத்தநாகத் துண்டு, கேஸ்கட் போன்ற சாமான்களை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் நகரத்துக்கு ஓட வேண்டியிருக்காது.

கடைசியாக, எங்களுக்கு மிக முக்கியமான கோரிக்கை. கரை திரும்பியதும் நன்னீரில் சில நிமிடம் ஓட்டிக் கழுவினால் எந்த இன்ஜினின் ஆயுளும் கூடும். குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் ஊரில் இன்ஜினுக்குத் தண்ணீர் எங்கே தேடுவது? இறங்குதளத்தில் ஒரு தொட்டியும், குழாய் மாட்டும் வசதியும் அமைத்துத் தர வேண்டும். மற்ற கோரிக்கைகளுக்கு மேலிடத்து ஆணை தேவைப்படலாம். இது மாவட்ட அளவிலேயே முடியக்கூடிய வேலை. வாடைக்காற்று தொடங்குமுன் இதை முடித்துத் தந்து, ஏனையவற்றை அரசுக்குப் பரிந்துரைத்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.
இடம்: சேதுபாவாசத்திரம்